ஞாயிற்றுக்கிழமைத் தேங்காய்

"பாலசுப்பிரமணியோட பர்மிட்டை ரத்து பண்ணணும். இன்னிக்கே!"

கவுன்சிலர் யோகேந்திரா மேஜையில் ஓங்கிக் குத்தினார். டீ கோப்பைகள் துள்ளின.

எங்கள் நகரசபையில் கூட்டம் இங்கிலீஷில் தொடங்கும். கோபம் வந்தால் இந்திக்குப் போகும். ரொம்பக் கோபம் வந்தால்தான் தமிழ். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே தமிழ்.

அது 1988. ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பயந்துபோன இந்தியர்கள் குடும்பம் குடும்பமாக நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஞாயிறு கர்த்தரின் ஓய்வு நாள்; அன்றைக்கு ஃபிஜி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று சட்டம். கடை திறக்கக் கூடாது. பந்து விளையாடக் கூடாது. டாக்சி ஓடலாம், ஆனால் சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு மட்டும்.

போன ஞாயிறு பாலசுப்பிரமணியின் டாக்சியில் ஏறிய நரேந்திரா குடும்பம், திங்கட்கிழமை சிட்னியில் இருந்தது. அதுதான் வழக்கு.

ஸ்டாண்டில் டாக்சி நிறுத்தும் பர்மிட் நகரசபை கொடுப்பது. அது போனால் பாலசுப்பிரமணி வீட்டில் அடுப்பு எரியாது. பாவம், மனுஷன் கதவோரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

நகரசபை வக்கீல் நடராஜன் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். இவரிடம் "மழை வருமா?" என்று கேட்டால்கூட, "எந்தச் சட்டப் பிரிவின்படி?" என்பார்.

"ஞாயித்துக்கெழமை எங்கப்பா போனே?"

"நாந்தி முருகன் கோயிலுக்குங்க, வக்கீலய்யா. தேங்காய் உடைச்சுட்டு வந்தேன்."

சபையே சிரித்தது.

"வண்டியில எத்தனை பேர்?"

"அஞ்சு பேருங்க."

"பெட்டி?"

"எட்டுங்க."

"கோயிலுக்கு எட்டுப் பெட்டியா?" யோகேந்திரா எகிறினார். "ஏண்டா, எட்டுலயும் தேங்காயா?"

"பெட்டியில என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கலீங்க. தேங்காய் என் காலடியில இருந்துச்சு."

"ஏர்போர்ட் வாசல்ல இவன் வண்டி நின்னதை என் மச்சான் கண்ணால பாத்திருக்கான்!"

வக்கீல் நிமிராமல் கேட்டார். "கோயில், ஏர்போர்ட்டைத் தாண்டித்தானே இருக்கு?"

"ஆமாங்க."

"ஏன் அங்க நின்னே?"

"வண்டி சூடாயிருச்சுங்க."

"அந்த அஞ்சு பேரும் திரும்பி வந்தாங்களா?"

"இன்னும் வரலீங்க."

"பச்சைப் பொய்!" யோகேந்திரா எழுந்தே விட்டார். "நாலு தலைமுறையா நம்ம ஆளுங்க கரும்பு வெட்டி உழைச்ச மண்ணு இது. விட்டுட்டு ஓடறவன் கோழை. அவனை ஏத்திட்டுப் போறவன் துரோகி. நான் செத்தாலும் இங்கதான் சாவேன்!"

பலத்த கைதட்டல். வக்கீல் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு தொண்டையைச் செருமி வாசித்தார்.

"ஒன்று: பக்தர் எத்தனை பெட்டி கொண்டுபோகலாம் என்று சட்டத்தில் வரம்பு இல்லை. இரண்டு: கும்பிட்டவர் எப்போது வீடு திரும்ப வேண்டும் என்று கெடு இல்லை. மூன்று: வண்டி சூடாவது குற்றம் இல்லை. ஆகவே பர்மிட்டில் கை வைத்தால் நகரசபை கோர்ட்டுக்குப் போகும். போய்த் தோற்கும்."

பாலசுப்பிரமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கும்பிட்டுவிட்டு, யாராவது மனசு மாறுவதற்குள் வெளியே ஓடினார்.

"இது சட்டமா, சர்க்கஸா?" என்று யோகேந்திரா கத்தினார். கூட்டம் கலைந்தது.

எல்லோரும் போன பிறகு வக்கீலின் அறைக்கதவு மெதுவாகத் திறந்தது. யோகேந்திராதான். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"வக்கீலய்யா, அந்த ஒண்ணாம் நம்பர் பாயிண்ட்டு... பெட்டிக்கு வரம்பு இல்லைன்னு எழுதினீங்களே. அது எல்லாருக்கும் பொருந்துமா?"

"உங்களுக்கு எத்தனை பெட்டி?"

"பதினொண்ணு."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

"வர்ற ஞாயிறு, ஆக்லாந்து ப்ளேன்," என்றார் யோகேந்திரா, சுவரைப் பார்த்தபடி. "பொண்டாட்டி நாள் முழுக்க அழறா. என்ன செய்யறது? ஆனா எந்த டாக்சிக்காரனும் வரமாட்டேங்கிறான்."

"ஒருத்தர் வருவார்," என்றார் வக்கீல். "அவர் பர்மிட் இன்னும் செல்லும்."

ஞாயிறு காலை பாலசுப்பிரமணி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஆறு பெட்டிகளைக் கூரையில் கட்டினார். மூன்று டிக்கியில் போயின. ஒன்று யோகேந்திராவின் மனைவி மடியில். கடைசிப் பெட்டி யோகேந்திராவின் மடியில் ஏறி, அவர் மோவாய் வரை வந்து நின்றது. நல்லதாகப் போயிற்று, வழியில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏர்போர்ட் வாசலில் வண்டி நின்றது.

"சூடாயிருச்சுங்க," என்றார் பாலசுப்பிரமணி. "இறங்குங்க."

பெட்டிகளை இறக்கி அடுக்கினார்கள். யோகேந்திராவுக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பாலசுப்பிரமணி... அன்னிக்கு நான் பேசினது..."

"விடுங்க. உள்ள போங்க, நேரமாச்சு."

பாலசுப்பிரமணி வண்டியை எடுத்தார். வந்த வழியே திரும்பாமல் நாந்தி பக்கம் வளைத்தார்.

"நம்ம ஊரு அந்தப் பக்கமாச்சே! எங்க போறே?" என்று யோகேந்திரா பின்னாலேயே ஓடினார்.

வண்டி நின்றது. பாலசுப்பிரமணி காலடியில் கிடந்த தேங்காயை எடுத்து ஜன்னல் வழியாகக் காட்டினார்.

"கோயிலுக்குத்தான். நான் கொண்டுவந்து விட்டவங்க, போற எடத்துல நல்லா இருக்கணும்ல? ஆளுக்கு ஒரு அர்ச்சனை பண்ணி, ஒரு தேங்காய் உடைச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அன்னிக்கே சொன்னேன், எல்லாரும் சிரிச்சீங்க."

பாலசுப்பிரமணி தேங்காயை மறுபடி காலடியில் வைத்தார்.

"சரி, ஐயர் கேப்பாரு. உங்க நட்சத்திரம் என்னங்கண்ணே?"