பவுனு தொலைத்த சாவி

“எவன்கிட்டக் குடுத்த? அதை மட்டும் சொல்லு.”

கோட்டைச்சாமி கேட்டது மருமகள் பவுனுவிடம். கணவனைப் பறிகொடுத்து அவளுக்கு மாதம் ஒன்றுகூட முடியவில்லை. அவள் சுவரோரம் நின்றிருந்தாள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த இம்மானுவேலுக்குச் சங்கடமாகப் போயிற்று. கம்பம் டவுனில் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கோட்டைச்சாமி ஆள் அனுப்பியதால் அனுமந்தன்பட்டிக்கு வந்திருந்தான்.

கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து. அதற்கு மேல் கம்ப்யூட்டர் நகரவில்லை.

“சாவியப் போடச் சொல்லுதுங்கய்யா.”

“சாவியா? இதுல ஏதுய்யா பூட்டு?”

“பென்டிரைவ்தான் சாவி. உங்க மகன் டிஸ்க் மொத்தத்தையும் பூட்டி வச்சிருக்காரு. அந்தப் பென்டிரைவைச் செருகினாத்தான் இது எந்திரிக்கும்.”

“பூட்டுன்னா ஒடைக்க வேண்டியதுதானே? கலெக்டர் ஆபீஸ் கேட்டையே தள்ளிக்கிட்டு உள்ள போனவங்கய்யா நாங்க!”

“இந்தக் கேட்டைத் தள்ளுனா உள்ள இருக்கிற வீடும் சேந்து போயிரும்யா. டிஸ்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டிப் பாத்துட்டேன். ஒரு எழுத்துகூடப் படிக்க முடியல. சாவி தொலைஞ்சா போடுறதுக்குன்னு நீளமா ஒரு நம்பர் குடுத்திருக்கும். அதையாச்சும் எங்கயாவது...”

“அதையும் அந்தப் பென்டிரைவுலயேதான் வச்சிருந்தாக அண்ணே” என்றாள் பவுனு.

“பாத்தியா! எல்லாந் தெரியுது. சாவி இருக்கிற எடம் மட்டும் இவளுக்குத் தெரியாதாம்!”

மறுநாள் உத்தமபாளையத்தில் விசாரணை. மேட்டுத் தோட்டத்துக்காரர் ஆற்றங்கரையில் மோட்டார் போட்டு, பூமிக்கடியில் குழாய் பதித்து, தண்ணீரை மலையடிவாரம் வரை கொண்டு போகிறார். கடைசி மடை வயல்கள் வெடித்துக் கிடக்கின்றன. மோட்டார் சத்தம் ஊருக்கே கேட்டது. அதிகாரிகளுக்குக் கேட்கவில்லை. கோட்டைச்சாமியின் விவசாயிகள் சங்கம் மனு, மறியல், கைது எல்லாம் பார்த்தாயிற்று. “ஆதாரம் இருக்கா?” என்றார்கள் அதிகாரிகள்.

கோட்டைச்சாமியின் மகன் கதிரவன் வாழைத் தோப்புக்குள் பதுங்கிக் கிடந்து வீடியோ எடுத்து வந்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தான். கம்ப்யூட்டரைத் தூக்கிப் போகத் தோட்டத்து ஆட்கள் ஒருமுறை வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவன் அதைப் பூட்டினான்.

பூட்டியவன் சின்னமனூர் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான்.

“வழக்கமா எங்க வச்சிருப்பாரு? மேசை, சட்டைப்பை, பைக் பெட்டி...?” என்றான் இம்மானுவேல்.

“எல்லாத்தையும் கொட்டிப் பாத்தாச்சு. தம்பி, இவ பொறந்த வீட்டுச் சேதி உனக்குத் தெரியாது. மந்திரிக்கிற குடும்பம். நான் நாப்பது வருசமா மேடைக்கு மேடை, தாயத்தை அறுத்துப் போடுங்கடான்னு பேசுனவன். ஆஸ்பத்திரியில என் மகன் பொணமாக் கெடக்கான், கழுத்துல கறுப்புக் கயிறு! அதுல துணியில தச்ச தாயத்து! இவ வேலை.”

பவுனு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கொள்கைக்காரன் மகன் தாயத்தோட சுடுகாட்டுக்குப் போகலாமா? என் கையாலயே அறுத்தேன். வர்ற வழியில ஆத்துப் பாலத்துல வண்டிய நிறுத்தி, சங்கத்து ஆளுக எல்லாரும் பாக்கத் தண்ணிக்குள்ள வீசுனேன். இவ வண்டியில மயங்கிக் கெடந்தா. இல்லாட்டி அதுக்கும் ஒரு ஒப்பாரி வச்சிருப்பா.”

கோட்டைச்சாமி தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“மகன் போயிட்டான். அவன் எடுத்த படமாவது பேசும்னு இருந்தேன். அதையும் வித்துட்டா.”

வாசலில் ஜீப் வந்து நின்றது.

“சங்கத்து ஆளுக வந்துட்டாக. அவக முன்னாலயே கேக்குறேன். பதில் இல்லேன்னா இவ இந்த வீட்டுல இருக்க வேணாம். தோட்டத்துக்காரன் வீட்டுலயே போயி இருக்கட்டும்.”

அவர் வெளியே போனார். இம்மானுவேல் நாற்காலியைத் திருப்பினான்.

“ஏன் தங்கச்சி, நெசமாவே தெரியாதா? கடைசியா எங்க பாத்த?”

“அவுக கழுத்துல.”

“கழுத்துலயா?”

“சட்டைப்பையில வச்சு ரெண்டு தடவை தொலைக்கப் பாத்தாக. நான்தான் வேர்வை படாம இருக்கட்டும்னு கறுப்புத் துணியில பை தச்சு, கயித்துல கோத்து மாட்டி விட்டேன். ‘அப்பா பாத்தா தாயத்துன்னு வைவாரு’ன்னு சிரிச்சாக. சட்டைக்குள்ள விட்டுக்கிட்டாக.”

இம்மானுவேல் வாசல் பக்கம் திரும்பினான். ஜீப்பிலிருந்து இறங்கியவர்களிடம் கோட்டைச்சாமி கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

“அப்ப அய்யாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே தங்கச்சி? பழி மொத்தமும் உன் தலையில விழுதே!”

“சொன்னா சாவி ஆத்துலேருந்து திரும்பி வருமாண்ணே? சொல்லிறாதீக.”

செருப்புச் சத்தங்கள் வாசலேறி வந்தன. கோட்டைச்சாமிக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். ஒருவரும் பவுனுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“இத்தனை குடியானவனும் உன் வாயத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறான். கடைசியாக் கேக்குறேன். சாவி எங்க?”

தன்னை நோக்கி அவர் நீட்டியிருந்த அந்த வலது கையைப் பவுனு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நான்தான் தொலைச்சுட்டேன் மாமா.”