கிருமிக்கு முட்டை

அந்த ஆய்வகத்தில் காசநோய்க் கிருமிக்கு, யார் சளியில் எடுத்தார்களோ அவர் பெயரையே வைத்து வளர்த்தார்கள். வருஷத்துக்கொரு குடும்பத்தைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். இந்த வருஷம் சவரிமுத்துவின் முறை.

“உங்க சம்சாரம் ஞானப்பூ, ஐயா. இருபது வருஷமா நல்லா இருக்காங்க” என்று குழாயைக் காட்டினாள் விஞ்ஞானிப் பெண்.

“உள்ள என்ன தாயி, மஞ்சளா?”

“முட்டைங்கய்யா. அதுலதான் கிருமி வளரும். ஒருநாளும் இல்லாமப் போனதில்ல.”

ஞானப்பூ இதே ஆஸ்பத்திரி வார்டில் கிடந்து செத்த ஆறு மாதமும் தினம் ஒரு முட்டை என்று சீட்டில் எழுதியிருந்தது. தட்டுக்கு ஒன்றுகூட வந்ததில்லை.

பொன்னாடையை உருவி எறிந்தார். “அவளக் கொன்ன கிருமிக்குத் தப்பாமப் போடுறீங்க. கேட்டுக் கேட்டுச் செத்தாளே, அவளுக்கு ஒண்ணு போட்டீங்களா?”

குழாயில் ஒட்டியிருந்த அவள் பெயரைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.