மருது மோந்த பொட்டலம்

நாய்களுக்குப் பச்சைக் கறி விற்கும் கம்பெனியில் மருது என்ற நாய்க்குத்தான் சோதனை வேலை. ஃப்ரீசரிலிருந்து ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து நீட்டுவார்கள். மருது மோந்து பார்த்து வாலை ஆட்டினால் 'தரமானது' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். எதிலும் கெட்ட வாடை அடித்ததே இல்லை. தன் மூக்கு கண்காணிக்கிற இடத்தில் கெட்டது நுழையுமா என்று மருதுவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அன்று கல்லாக உறைந்த ஒரு பொட்டலத்தில் மூக்கை வைத்ததும் உள்ளே யாரோ பேசினார்கள்.

"மெதுவா மூச்சு விடுங்க அண்ணே. எங்க ஆளுங்க தூங்குறாங்க."

மருதுவுக்கு முடி சிலிர்த்தது. "யாரு நீங்க?"

"கறியோட வந்த கிருமிங்க. குளிர்ல நாங்க சாக மாட்டோம், தூங்குவோம். எங்க வாடையும் கூடவே தூங்கிடும்."

"அப்ப இத்தனை நாளா நான் மோந்தது?"

"வெறும் ஐஸை, அண்ணே."

குரைத்துவிடலாம் என்று மருது வாயைத் திறந்தது. குரைத்தால், இதுவரை அனுப்பியதெல்லாம் என்ன என்று கேட்பார்களே! வாயை மூடிக்கொண்டு வாலை ஆட்டியது.

"மருது சொன்னா சரிதான்!" என்று முதலாளி பூரித்துப்போனார். விளம்பரத்துக்கு மருது சாப்பிடுவதை வீடியோ எடுக்க ஆசை வந்தது அவருக்கு. அதே பொட்டலத்தைப் பிரித்து, தட்டில் போட்டு வெயிலில் வைத்தார். ஐஸ் சொட்டுச் சொட்டாக உருகியது. எல்லோரும் கேமராவோடு சுற்றி நின்றார்கள்.

மருது குனிந்தது.

"வாங்க அண்ணே," என்றது தட்டு. "எல்லாரும் முழிச்சிட்டோம்."