கோவாப் புழுவும் பாறணையும்

விரதம் முடிந்துவிட்டது. இனிக் கொல்லலாம்.

என் மனுசன் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் மொட்டை மாடிக்கு வந்தார். கையில் வாளி. வாளி நிறையச் சோப்புத் தண்ணி.

பாறணைச் சோறு தின்ற கை இன்னும் காயவில்லை, அதற்குள் இந்த ஆவேசம்.

எங்கள் ஃபிளாட் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம். லிஃப்ட் ஐந்தாம் மாடியோடு நின்றுவிடும். எங்கள் வீடும் அங்கேதான். மொட்டை மாடிக்கு அதற்கு மேலே இரண்டு அடுக்குப் படி ஏறவேண்டும். அங்கே ஆறு பழைய பெயின்ற் வாளிகளில் நான் கோவா, அதுதான் முட்டைக்கோசு, வைத்திருக்கிறேன்.

கோவா கிடக்கட்டும். எனக்குப் படிதான் முக்கியம்.

போன மாதம் இவர் நெஞ்சுவலி வந்து களுபோவில ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்தார். சும்மா இருக்கக்கூடாது, நடக்கவேணும், ஆறுதலாகப் படியும் ஏறலாம் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து டிவிக்கு முன்னால் கதிரையில் இருந்தவர் இருந்தவர்தான். எந்த நேரமும் நெஞ்சில் கை. கதை பேச்சு ஒன்றும் இல்லை. நான் கெஞ்சினேன், ஏசினேன். மகள் மேனுகா லண்டனிலிருந்து வீடியோவில் அழுதும் பார்த்தாள். மனுசன் அசையவில்லை.

இவரைக் கதிரையிலேயே பறிகொடுக்கப் போகிறேன் என்று பயந்துபோனேன்.

கந்தசஷ்டி தொடங்கிய அன்று காலை கோவா இலையெல்லாம் ஓட்டை. அடியில் பச்சைப் புழு. கீழே ஓடிவந்து கத்தினேன்.

இவர் துடித்துக்கொண்டு எழும்பினார். எனக்காக இல்லை, புழுவுக்காக. என் கோபத்துக்கு விரத நாளென்றும் பாராமல் நசுக்கிப்போடுவேன் என்று அவருக்குத் தெரியும். சஷ்டி ஆறு நாளும் இந்த வீட்டில் எறும்புகூடச் சாகக்கூடாது.

கம்பியைப் பிடித்துப் பிடித்து, மூன்று இடத்தில் நின்று ஏறினார். பதினொரு புழு. எல்லாவற்றையும் ஐஸ்கிரீம் பெட்டியில் பிடித்துப் போட்டு என்னிடம் தந்து, ரயில் பாதையோரப் புல்லில் உயிரோடு விட்டுவிட்டு வரச் சொன்னார்.

அடுத்த நாளும் புழு. இரண்டு இடத்தில் நின்றார்.

மூன்றாம் நாள் ஒரு இடத்தில். நாலாம் நாள் நிற்கவேயில்லை. புழு எப்படித் தின்னும், எப்படி ஒளிக்கும் என்று எனக்கு வகுப்பெடுத்துக்கொண்டே ஏறினார். என் கோவா அரிதட்டு மாதிரி ஆகிவிட்டது. போனால் போகட்டும்.

நாலாம் மாடி ருக்கியா பாவம், உள்ளிப்பூண்டும் சோப்பும் கரைத்த போத்தல் ஒன்று கொண்டுவந்தாள். ஒருக்கா அடித்தால் சரியாம். சந்தோஷமாக வாங்கி, சிங்குக்குக் கீழே ஒளித்துவைத்தேன்.

இப்போது இந்த வாளி.

புழு செத்தால் நாளைக்கு இவர் எதற்குப் படி ஏறுவார்? நல்ல நாளும் அதுவுமாகக் கொலையா, இரண்டு நாள் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. இலையைத் திருப்பி, கொழுத்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் குளிக்கப் போன உடனே உம்மட செருப்புச் சத்தம் கீழ போறேல்லை. மேலதானே போகுது, ஆறு நாளும்."



ஓம், நான்தான். ரயில் பாதைப் பக்கமே நான் போகவில்லை. ஒவ்வொரு நாளும் அதே பெட்டியோடு திரும்ப ஏறி, ஒவ்வொன்றாக இலைக்கு அடியில் விட்டது நான்தான்.

ஏசப்போகிறார் என்று நின்றேன்.

இவர் வாளியைத் தூக்கிச் சோப்புத் தண்ணி முழுவதையும் மழைத்தண்ணி ஓடும் பீலிக்குள் ஊற்றினார். பிறகு புழுவை, அதற்கு நோகாமல், இலையில் விட்டார்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையப்பா. வெள்ளியில கொல்லக்கூடாது. நாளைக்கு வந்து பாப்பம்."

நேற்றுத்தான் செவ்வாய்.

ஓம், வெள்ளிதான் என்றேன்.