குளிராத ஃப்ரிட்ஜ்

சமையலறையில் ஃபேன் போட்டால் அடுப்பு அணைந்துவிடும் என்று, பவுனு வேலைக்குச் சேர்ந்த அன்றே கஸ்தூரியம்மா சொல்லிவிட்டாள். பவுனுக்கு வேலை, சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேதான்.

குளிராத ஃப்ரிட்ஜைப் பார்க்க வந்த மெக்கானிக், உள்ளே பின்தகட்டைக் கழற்றினான். ஃபேன் ஐஸில் மாட்டி நின்றுபோயிருந்தது.

"கதவு திறந்தே கிடந்தா ஈரக்காத்து உள்ள போய் இப்படித்தான் உறையும்மா. யாரு அவ்வளவு நேரம் திறந்து வைக்கிறது?"

தக்காளி எடுக்கும் சாக்கில், ஜாக்கெட் காயும்வரை கதவைப் பிடித்து நின்ற மத்தியானங்கள் பவுனுக்கு நினைவு வந்தன. அவள் தரையைப் பார்த்தாள். கஸ்தூரியம்மா அவளுடைய கழுத்து வியர்வையைப் பார்த்தாள்.

ஐஸை உருக்கி ஃபேனை ஓடவிட்டு மெக்கானிக் கிளம்பியதும், கஸ்தூரியம்மா ஃப்ரிட்ஜைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"காதை வெச்சுக் கேளுடி, எவ்வளவு நல்லா ஓடுது!"

பவுனு காதை வைத்தாள். உள்ளே, தயிருக்கும் கத்தரிக்காய்க்கும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.