தலைக்கு மேல் கூப்பிய கை

மேலூர் குவாரியில் இருபது டன் கல் லாரிக்கு மேலே தொங்குகிறது. கிரேன் ஓட்டும் ஜார்க்கண்டு சுக்ராமுக்குத் தமிழ் தெரியாது. கீழே நிற்கும் மொக்கைச்சாமியின் கைதான் அவனுக்குப் பாஷை. கை உயர்ந்தால் கல் நிற்கும், தாழ்ந்தால் இறங்கும். ரோட்டில் சாமி ஊர்வலம் வர, பழக்கதோஷத்தில் மொக்கைச்சாமி தலைக்கு மேல் கைகூப்புகிறார். இறங்கிக்கொண்டிருந்த கல் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து அவருடைய மாப்பிள்ளை முத்துக்குமரன், கல் உட்காரும் கட்டையை நகர்த்த லாரியில் ஏறிக் கல்லுக்கடியில் குனிகிறான். “மாப்ள, வெளிய வாடா!” என்று மொக்கைச்சாமி கத்துகிறார். மேளச் சத்தம் குரலை விழுங்குகிறது. சங்கிலி முனகுகிறது. கையை இறக்கினால் மாப்பிள்ளை அப்பளம். “அண்ணனுக்கு எம்புட்டுப் பக்தி!” என்கிறாள் டீ கொண்டுவந்த செல்லக்கிளி. சாமிக்கே கூச்சம் வந்திருக்கும், அவ்வளவு நேரம் கும்பிடுகிறார். வியர்வை வழியும் கண்ணால் மேலே பார்க்கிறார். லீவரை விட்டுவிட்டு, சுக்ராமும் தலைக்கு மேல் கைகூப்பியிருக்கிறான். மொக்கைச்சாமி மெல்லக் கையை இறக்குகிறார். கல் அசையவில்லை.