இடது பை, முனை கீழே

"இன்னைக்குக் கயிறு நான் வீசுறேன்."

அம்மா பத்து வயதிலேயே சொல்லிவைத்திருந்தாள். அப்பாவிடம் எதை வேண்டுமானாலும் கேள், கன்றுகளுக்குச் சூடு போடும் நாளில் கயிற்றை மட்டும் கேட்காதே. பதின்மூன்று வருடம் ஷெல்பி கேட்கவில்லை. போதும்.

அப்பா டுவெய்ன் தன் சேணத்தின் வாரைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அந்தச் சேண அறைக்கு வெளியே இருநூறு கன்றுகள் தாய்களைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தன. சூட்டுக்கோல்கள் நெருப்பில் கிடந்தன. மே மாதம் பிறந்தும் வயோமிங் மலைகளில் பனி போகவில்லை. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குதிரைகளோடு வந்து இறங்கிவிட்டார்கள். மீசை முளைக்காத அவர்கள் பிள்ளைகள்கூட இன்று குதிரை மேலிருந்து கன்றுகளுக்குச் சுருக்குக் கயிறு வீசுவார்கள். கால்நடை அறிவியல் படித்து, அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டம் வாங்கியவள் மட்டும் இந்த வருடமும் தரையில் நின்று ஊசி குத்த வேண்டும்.

"பொம்பளப் பிள்ளைன்னுதானே தர மாட்டேங்கிற?"

"கத்திய எந்தப் பக்கம் வச்சிருக்க?" என்றார் அப்பா.

ஆரம்பித்துவிட்டார்.

அவள் கத்தி கால்சட்டையின் வலது பையில் இருந்தது. கத்தியின் கிளிப், பை விளிம்பைக் கவ்வியிருக்க, முனை மேலே பார்த்திருக்கும். உருவினால் கைக்குள் அப்படியே உட்காரும். கட்டைவிரலால் ஒரு தள்ளு, நான்கு அங்குல அலகு திறந்துவிடும். புத்தியுள்ளவர்கள் அப்படித்தான் வைப்பார்கள்.

அப்பா வலது கைக்காரர். அவர் கத்தியோ இடது பையில், முனை கீழே பார்க்கத் தொங்கும். உருவி, கைக்குள் ஒரு சுற்றுத் திருப்பி, அப்புறம்தான் திறக்க முடியும். அந்தக் காலத்துக் கத்தி அது, கிளிப்புக்கு வலது பக்கம் மட்டும்தான் துளை வைத்து விற்றார்கள். இடது பக்கம் அவரே கோணல்மாணலாகத் துளை போட்டு மாட்டியிருந்தார்.

அவள் பட்டம் வாங்கிய அன்று, கிளிப்பை மாட்ட நான்கு இடத்தில் துளை வைத்த மடக்குக்கத்தியாகத் தேடி வாங்கிக் கொடுத்தார். கொடுக்கும்போதே இடது பக்கம், முனை கீழே என்று மாட்டியிருந்தது. ஷெல்பி அன்று மாலையே கழற்றி மாற்றிவிட்டாள்.

"இடது பக்கம், முனை கீழ. மாத்து. கயிறு தர்றேன்."

"காரணத்தச் சொல்லு, மாத்துறேன்."

அவர் மறுபடி வாரைத் திருகத் தொடங்கினார். வாரைப் பிடித்திருந்த வலது கையில் கட்டைவிரல் இல்லை.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். சுருக்கு விழுந்ததும் கயிற்றின் இந்த முனையைச் சேணத்தின் முன்னால் துருத்தி நிற்கும் கொம்பில் சுற்ற வேண்டும். சுற்றுக்குள் கட்டைவிரல் மாட்டி, அந்தப் பக்கம் மாடு இழுத்தால், முடிந்தது. 'குடிச்ச குடி இறங்கல, அவசரப்பட்டுட்டேன்' என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பக்கத்துப் பண்ணை கில், 'டுவெய்னுக்கு எண்ணிக்கை ஒன்பதோட சரி' என்பார். கல்லூரி விடுதியில் ஷெல்பியும் இதைச் சொல்லி அறையையே சிரிக்க வைத்திருக்கிறாள்.

இன்று சிரிப்பு வரவில்லை.

"வலது கை மாட்டிக்கிச்சு. கயிற அறுக்கக் கத்தி வலது பையில. எடுக்க முடியல. அந்தப் பயத்துல இடது பக்கம் மாத்திக்கிட்ட. அவ்வளவுதானே? இடது கை சும்மாதானே இருந்துச்சு? கடிவாளத்த விட்டுத் தொலைச்சுட்டு எட்டி எடுத்திருந்தா விரல் இருந்திருக்கும்ல?"

"கடிவாளத்த முதல்லயே விட்டுட்டேன்."

அவர் வாரை ஆணியில் மாட்டினார்.

"இடது கையில நீ இருந்த."

வெளியே ஒரு கன்று கத்தி ஓய்ந்தது.

"மூணு வயசு. உன்ன முன்னால வச்சுக்கிட்டு ஒரு காளைக்குக் கயிறு போட்டேன். என் புத்தி. குதிரை மிரண்டு சுத்துது. இடது கைய எடுத்தா நீ குளம்புக்கு அடியில. கத்தி இடது பையில இருந்திருந்தா உன்ன விடாமலே எட்டியிருப்பேன்."

ஷெல்பி அவர் இடது பையைப் பார்த்தாள்.

"முனை ஏன் கீழ?"

"குதிகாலால அந்தப் பையிலயே உதைச்சுக்கிட்டு வருவ. முனை மேல இருந்து, கத்தி கொஞ்சம் திறந்துக்கிட்டாகூட உன் கால்ல..."

அதற்குப் பிறகும் அவளை ஏற்றிக்கொண்டுதான் போயிருக்கிறார். பள்ளிக்கூடம் சேரும்வரை அந்த இடது கைக்குள் உட்கார்ந்து போனது அவளுக்கு நினைவிருக்கிறது. அவள் இறங்கிப் பதினெட்டு வருடம் ஆகிறது. கத்தி இடம் மாறவில்லை.

"குடிச்சிருந்தேன்னு ஏன் சொன்ன?"

"உன்னாலன்னு நீ நினைச்சுக்கிட்டா?"

அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. ஷெல்பி மேசை இழுப்பறையைத் திறந்து சின்னத் திருப்புளியை எடுத்தாள். மூன்று திருகாணிகள். கழற்றும்போது ஒன்று நழுவி வைக்கோலில் விழுந்தது. அப்பா குனிந்து, சிகரெட்டைப் பிடிப்பதுபோல் இரண்டு விரல்களுக்கு நடுவே அதை இடுக்கி எடுத்து நீட்டினார்.

வாங்கும்போது அந்தக் கையை ஒரு நொடி பிடித்துக்கொண்டாள். அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.

"என் சேணத்துல இப்ப குழந்தை யாரும் இல்லையேப்பா."

"இடது கையில எப்ப என்ன இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

கடைசித் திருகாணியை இறுக்கினாள். கத்தியை இடது பையில் செருகினாள். ஆணியில் சுருண்டிருந்த கயிற்றைத் தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

வேலியில் சாய்ந்திருந்த கில், கையிலிருந்த காப்பிக் குவளையால் அவள் இடுப்பைச் சுட்டிக்காட்டினார். "ஏய் ஷெல்பி! உனக்கும் அப்பன் கிறுக்கு ஒட்டிக்கிச்சா? கத்தி தப்பான பக்கம் தொங்குது!"

அவள் நிற்கவில்லை.